முதல் பாகம் கேட்டு வந்தவர்கள்

ஜூன் 9, 2020, செவ்வாய்.
இன்றைய தவறு: ஸ்டிக்கர்களைக் கோணாமல்தான் ஒட்டியிருக்கிறேன். ஒட்டிய இடம்தான் தவறு. இது சின்னத் தவறு.

இவ்வளவையும் எழுதிவிட்டு அவள் பேனாவை மூடி வைத்தாள். பிறகு மறுபடி திறந்து, "சின்னத் தவறு" என்பதற்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டாள். கேள்விக்குறி கொஞ்சம் பெரிதாகிவிட்டதோ என்று அதிலும் அவளுக்கு ஒரு சந்தேகம் வந்தது.

மாலை வகுப்பில் சேர்ந்ததிலிருந்து இந்தப் பழக்கம். வணிகக் கணக்கு சொல்லித் தரும் வகுப்பு அது. முன்பெல்லாம் வேலை முடிந்து பேருந்து பிடித்துப் போய்க் கடைசி பெஞ்சில் உட்காருவாள். ஊரடங்கு வந்ததும் வகுப்பு கைப்பேசிக்குள் புகுந்துகொண்டது. சமையலறை மேசையே கடைசி பெஞ்சாகிவிட்டது. "வேலை முடிஞ்சதும் அன்னிக்குச் செஞ்ச ஒரு தவறை எழுதுங்க. கடைசியில மறுநாள் வேலை ஒண்ணு எழுதுங்க. நடுவுல என்ன வேணாலும் எழுதுங்க, நான் படிக்கப் போறதில்ல" என்று வாத்தியார் முதல் நாளே சொல்லியிருந்தார். மற்றவர்கள் ஒரே வாரத்தில் கைகழுவிவிட்டார்கள். அவள் விடவில்லை. வரி கோணினால் தாளைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதுகிற ஜாதி அவள். பதிப்பகத்தில் அவளுக்கு 'ஸ்கேல்' என்று பெயர் வைத்தது சும்மா இல்லை.

பதிப்பகம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு மருந்துக் கடைக்கு மேலே மாடியில் இரண்டு அறை, ஊருக்கு வெளியே தகரக் கூரை போட்ட ஒரு கிடங்கு. எல்லாவற்றையும் நடத்துகிற பதிப்பாளரம்மா, கிடங்கைப் பார்த்துக்கொள்கிற அண்ணன், பில் போடவும் கடைகளோடு பேசவும் ஸ்கேல். ஆள்பலம் அவ்வளவுதான்.

மார்ச்சில் புத்தகக் கடைகள் ஷட்டரை இறக்கின. கண்காட்சி ரத்து. நூலகங்களுக்குப் பூட்டு. கூரியர்காரர்கள் மருந்தும் மளிகையும் தவிர வேறு எதையும் தொட மாட்டோம் என்றார்கள். விற்பனை அறிக்கையில் ஏப்ரலுக்கு நேரே ஸ்கேல் ஒரு பூஜ்யம் போட்டாள். ஒருவேளை கூட்டலில் பிழையோ என்று திரும்பத் திரும்பப் பார்த்தாள். கூட்டுவதற்கே ஒன்றும் இல்லை.

"மே மாசத்துக்கும் இப்பவே போட்டு வெச்சிரு, கைக்கு வேலை மிச்சம்" என்றார் பதிப்பாளரம்மா.

வேடிக்கை என்னவென்றால், ஊரில் படிக்கிற ஆசை குறையவே இல்லை. இருந்த பழைய வாரப் பத்திரிகைகளை ஜனங்கள் அட்டை முதல் அட்டை வரை மூன்று தடவை படித்துவிட்டு, மளிகைப் பொட்டலத் தாளைப் பிரித்துப் படித்துக்கொண்டிருந்தார்கள். வாசகர்கள் வீட்டில் அடைந்து கிடந்தார்கள், புத்தகங்கள் கிடங்கில் அடைந்து கிடந்தன. இரண்டையும் சேர்த்து வைக்கத்தான் வழியில்லை.

ஜூன் கடைசியோடு கிடங்கைக் காலி செய்துவிடுவது என்று பதிப்பாளரம்மா முடிவு கட்டியிருந்தார். காகித ஆலையிலிருந்து லாரி வரும். விற்காத புத்தகமெல்லாம் கூழாகப் போகும். கிடங்கு போனால் அண்ணனுக்கு வேலை இல்லை. விற்க ஒன்றுமே இல்லாத பதிப்பகத்தில் விற்பனைக்கு ஒரு பெண் எதற்கு? யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அப்போதுதான் ஸ்கேல் பயந்து பயந்து ஒரு யோசனை சொன்னாள். "மேடம், சூப்பர்மார்க்கெட் மட்டும் திறந்திருக்கே. எல்லாரும் அங்கதான் வரிசையில நிக்கிறாங்க. அங்க ஒரு அலமாரி கேட்டுப் பார்க்கலாமா? சரிப்பட்டு வராதுன்னா வேண்டாம். நான் சும்மாதான் சொன்னேன்."

"சோப்புக்கும் உப்புக்கும் நடுவுல நாவலா?" பதிப்பாளரம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "போய்க் கேளேன், அடிக்கவா போறாங்க?"

மேனேஜர் அடிக்கவில்லை. கல்லாப் பக்கத்தில் ஓர் அலமாரி தருவதாகச் சொல்லி இரண்டு நிபந்தனை போட்டார்: ஒவ்வொரு புத்தகமும் பிளாஸ்டிக் உறைக்குள் இருக்க வேண்டும், கடையின் பார்கோடு ஸ்டிக்கர் முன்னட்டையில் வலது கீழ்மூலையில் இருக்க வேண்டும். எந்தப் புத்தகம் அனுப்புவது என்று கேட்டதற்குப் பதிப்பாளரம்மா யோசிக்கவே இல்லை. "அந்தக் குடும்ப நாவல் இருக்கே, தலையணை மாதிரி. அதை அனுப்பு. ஊரடங்கு முடிஞ்சாலும் அது முடியாது."

ஸ்கேல் கிடங்கு அண்ணனுக்குப் போன் போட்டு நாவலின் பெயரைச் சொன்னாள். "அதுவா? மலையாக் குவிஞ்சு கிடக்கு பாப்பா. வந்து அள்ளிக்க" என்றார் அவர்.

மலையாகக் குவிந்து கிடந்தது இரண்டாம் பாகம். முதல் பாகம் எப்போதோ தீர்ந்துவிட்டது. பாகம் பாகமாக நாவல் போடுகிற எல்லா இடத்திலும் நடக்கிற கதைதான் இது. முதல் பாகத்தை ஆசையாக வாங்குகிறவர்களில் பாதிப் பேர் இரண்டாம் பாகத்துக்கு வந்து சேர்வதில்லை. முதல் பாகமும் கொஞ்சம் மிச்சம் இருப்பதாகப் பதிப்பாளரம்மா நினைத்திருந்தார். 'அதை அனுப்பு' என்றபோது இரண்டையும் சேர்த்துத்தான் சொன்னார். அது ஒரே புத்தகம் என்று ஸ்கேல் நினைத்திருந்தாள்; அவள் சேர்ந்து இன்னும் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அண்ணனுக்கு எல்லாம் தெரியும். அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை.

ஓர் அறைக்கு ஓர் ஆள் என்பது அப்போதைய விதி. பெட்டிகளை எடுத்து வைத்துவிட்டு அண்ணன் வெளியே போய் உட்கார்ந்துகொண்டார். உள்ளே அவளும் ஸ்டிக்கர் சுருளும் மட்டும். முகக்கவசத்துக்குள்ளிருந்து எழும்பிய மூச்சில் கண்ணாடி பனித்துக்கொண்டே இருந்தது. அட்டையின் வலது கீழ்மூலையில் ஏற்கெனவே ஒரு சின்னக் கட்டம் அச்சாகியிருந்தது. உள்ளே பொடி எழுத்தில் என்னவோ இருந்தது. பதிப்பகத்தின் பெயராக இருக்கும் என்று நினைத்தாள். ஸ்டிக்கரை வைத்துப் பார்த்தால், அளவெடுத்துத் தைத்தமாதிரி அந்தக் கட்டத்துக்குள் உட்கார்ந்துகொண்டது. அவளுக்கு உள்ளூர ஒரே குஷி. ஒன்றுகூட மயிரிழை பிசகாமல் அத்தனையையும் ஒட்டினாள், பிறகு உறை போட்டாள்.

புத்தகங்கள் கடைக்குப் போய் இரண்டு வாரம் கழித்து, அந்தச் செவ்வாய்க்கிழமை காலை அலுவலகத்தில் போன் அடித்தது.

"ஹலோ, நாவல் போட்ட ஆபீஸா?" பெண் குரல். பின்னணியில் தையல் மெஷின் ஓடுகிற சத்தம்.

"ஆமாங்க, சொல்லுங்க."

"நான் வீட்டுல மாஸ்க் தைக்கிறவம்மா. எங்க வீட்டுக்காரர் சத்தமாப் படிப்பாரு, நான் தைச்சுக்கிட்டே கேப்பேன். ஒரே ஒரு சந்தேகம். அந்தத் தங்கச்சி ஏன் அண்ணனுக்குக் கதவைத் திறக்க மாட்டேங்குறா?"

ஸ்கேல் அந்த நாவலைப் படித்ததில்லை. சமாளித்தாள். "அது எந்தப் பக்கத்துல வருதுங்க?"

"எடுத்த எடுப்புல, முதல் பக்கத்துலதான்! கொட்டுற மழையில நிக்கிறான் மனுஷன். 'நீ செஞ்ச காரியத்துக்கு நான் கதவு வேற திறக்கணுமா?'ன்னு கேக்குறா. அப்படி என்னதான் செஞ்சான்? இன்னிக்குச் சொல்லுவாங்க, நாளைக்குச் சொல்லுவாங்கன்னு பாதிப் புத்தகம் தாண்டிட்டோம். கதையில இருக்கிற அத்தனை பேருக்கும் தெரிஞ்சிருக்கு. எங்க ரெண்டு பேருக்குத்தான் தெரியல."

"அந்த வக்கீல் யாருன்னும் கேளு!" என்று தூரத்திலிருந்து ஓர் ஆண் குரல்.

"சும்மா இருங்க, கேக்குறேன்ல? ஏம்மா, உள்ள பிரிச்சதும் 'இரண்டாம் பாகம்'னு போட்டிருக்கே, அப்ப முதல் பாகம் எங்க?"

ஸ்கேல் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். "கடையில… கடையில திருப்பிக் கொடுக்கலீங்களா?"

"எங்க வாங்குறான்? ஒரு தடவை தொட்ட சாமானைத் திரும்ப எடுக்க மாட்டோம்னு இந்த நோய்க்காலத்துல போர்டே மாட்டி வெச்சிருக்கான். வாங்கினது வாங்கியாச்சுன்னு படிக்க ஆரம்பிச்சோம். இப்ப கீழ வைக்க முடியல. முதல் பாகத்தைக் கண்ணுல காட்டுவியா மாட்டியா?"

விசாரித்துவிட்டுக் கூப்பிடுவதாகச் சொல்லிப் போனை வைத்தாள். மேசையில் மாதிரிக்கு வைத்திருந்த ஒரு பிரதி இருந்தது. உறையைக் கிழித்து, நகத்தால் ஸ்டிக்கரின் ஓரத்தைக் கிளப்பினாள். ஒட்டுவதில் அவ்வளவு கைத்திறன் காட்டியிருந்தாளே, லேசில் வரவில்லை. பாதி உரிந்ததும் "பாகம்" தெரிந்தது. முழுதும் உரித்ததும் அதற்கு முன்னால் 'இரண்டாம்' என்றிருந்தது. உடனே கிடங்குக்குப் போன் போட்டு முதல் பாகம் இருக்கிறதா என்று கேட்டாள்; தீர்ந்து ரொம்ப நாளாகிவிட்டதாம்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம் சொன்னாள். "அம்மா, நான் ஒரு பெரிய தப்பு பண்ணிட்டேன்."

அம்மா காய் நறுக்குவதை நிறுத்தினார். "பையன் யாரு?"

"ஐயோ, அதெல்லாம் இல்லம்மா! ஸ்டிக்கர்."

விஷயம் முழுவதையும் கேட்டுவிட்டு அம்மா கத்தியைக் கீழே வைத்துச் சிரித்தார். மகளின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கினார். "உங்க மேடத்துக்குச் சொல்லிட்டியா?"

"இல்ல. கடைக்காரர் எல்லாத்தையும் திருப்பி அனுப்பிட்டா இருக்கிற ஒரே ஆர்டரும் போச்சு. கிடங்கைக் காலி பண்ணணுங்கிறதுக்கு நானே காரணம் எழுதிக் கொடுத்தமாதிரி ஆயிடும். சொல்லலேன்னா… மாசக் கடைசி வரைக்கும் யாருக்கும் தெரியாம ஓட்டிடலாம்."

"ஓட்டலாம். ஆனா நீ தூங்க மாட்ட. நீ தூங்கலன்னா புரண்டு புரண்டு என்னையும் தூங்க விட மாட்ட. எனக்காகவாவது நாளைக்குச் சொல்லித் தொலை."

சொல்வதில் ஸ்கேலுக்கு இருந்த பயம் திட்டைப் பற்றியது அல்ல. பதிப்பாளரம்மா சாதாரணமாகத் திட்டினால் "ஏண்டி, வாடி, அறிவிருக்கா" என்று காது கிழியும்; ஐந்து நிமிஷத்தில் தேநீர் வாங்கித் தருவார். உண்மையிலேயே கோபம் வந்துவிட்டால் குரல் இறங்கிவிடும், "நீங்க, வாங்க" என்று மரியாதை ஏறிவிடும். ஒரு முறை ஓர் அச்சகக்காரரிடம் அப்படிப் பேசியதை அவள் கேட்டிருக்கிறாள். அந்த அச்சகக்காரர் அதற்குப் பிறகு இந்தத் தெருப் பக்கமே வரவில்லை.

புதன்கிழமை காலை, அலுவலக வாசற்படியில் நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். உரித்த ஸ்டிக்கரை ஆதாரத்துக்குக் கையில் வைத்திருந்தாள்.

பதிப்பாளரம்மா அந்த ஸ்டிக்கரை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "நீங்க அட்டையைப் படிக்கலையா?"

அவ்வளவுதான். 'நீங்க' வந்துவிட்டது. "இல்லீங்க மேடம்."

"சரி. வாங்க, கடைக்குப் போவோம். திருப்பி அனுப்புறதுக்கு முன்னாடி நாமளே போய் எடுத்துக்கிறதுதான் மரியாதை."

சூப்பர்மார்க்கெட்டுக்கு நடந்தே போனார்கள். கடை வாசலில் சுண்ணாம்பால் போட்ட வட்டங்களில் ஆளுக்கொன்றாக நின்று, கையில் மருந்து தெளித்துக்கொண்டு உள்ளே போனார்கள். மேனேஜர் முகத்துக்கு முன்னால் கண்ணாடித் தகடு மாட்டிக்கொண்டு வெல்டிங் பட்டறைக்காரர் போல நின்றிருந்தார். இவர்களைப் பார்த்ததும் இரண்டு கையையும் மேலே தூக்கினார்.

"வந்துட்டீங்களா? உங்களைத்தான் தேடிட்டிருக்கேன். உங்க புத்தகத்தால என் கடையில வரிசையே நகர மாட்டேங்குது!"

"மன்னிச்சுக்கங்க. தவறு எங்களோடது" என்றார் பதிப்பாளரம்மா. "இருக்கிற எல்லாத்தையும் இப்பவே எடுத்துக்கிறோம்."

"எதை எடுப்பீங்க?"

அவர் கை காட்டிய பக்கம் இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். அலமாரியில் புத்தகம் ஒன்றுகூட இல்லை. பாத்திரம் கழுவும் திரவப் புட்டிகளை அடுக்கி வைத்திருந்தார்கள்.

"போன வாரமே தீர்ந்துபோச்சு. அதுவரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. இப்ப வாங்கினவங்க எல்லாம் திரும்பி வந்து முதல் பாகம் எங்கன்னு கேக்குறாங்க. கேட்டுட்டுப் போனாப் பரவாயில்ல. கவுண்டர்ல நின்னு கதை பேசுறாங்க. அண்ணன்காரன் தங்கச்சி நகையை வித்திருப்பான்னு ஒரு அம்மா. இல்லவே இல்ல, கோர்ட்டுல பொய்ச்சாட்சி சொல்லியிருப்பான், அதனாலதான் வக்கீல் வர்றாருன்னு அடுத்த வட்டத்துல நிக்கிற ஐயா. தள்ளித் தள்ளி நிக்கிறதால காதுல விழ மாட்டேங்குது, கத்திக் கத்திச் சண்டை போடுறாங்க. நேத்து ஒருத்தர் பாலைக் கீழ வெச்சுட்டு வாதாடினார். திரிஞ்சே போச்சு."

கல்லாவில் உட்கார்ந்திருந்த பெண் தலையை நீட்டினாள். "மேடம், நீங்கதான் புக்கு போட்டவங்களா? எனக்கு மட்டும் சொல்லுங்க மேடம். என்னதான் பண்ணான் அவன்?"

பதிப்பாளரம்மாவின் தோள்கள் குலுங்கின. அழுகிறாரோ என்று ஸ்கேல் பதறிப்போனாள். முகக்கவசத்துக்கு மேலே கண்ணைப் பார்த்த பிறகுதான் சிரிக்கிறார் என்று தெரிந்தது.

"சொல்ல மாட்டேன்" என்றார் கல்லாப் பெண்ணிடம். "முதல் பாகத்துல இருக்கு. வாங்கிப் படி."

"அதைத்தான் நானும் கேக்குறேன்" என்றார் மேனேஜர். "எப்ப வரும்? மத்த கிளைக்காரங்களும் கேக்குறாங்க. ரெண்டு பாகமும் சேர்த்து வேணும். தலைமை ஆபீஸ்ல பேசிட்டேன், முன்பணம் தருவாங்க."

ஸ்கேலால் சும்மா இருக்க முடியவில்லை. "சார், முதல் பாகம் எங்ககிட்ட ஒரு பிரதிகூட இல்ல. தீர்ந்து ரொம்ப நாளாச்சு. கிடங்குல கேட்டுட்டேன்." சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். கைக்கு வந்ததைத் தானே தட்டிவிட்டோமோ?

"இல்லன்னா அடிச்சாப் போச்சு" என்றார் பதிப்பாளரம்மா, கூடை பின்னிக்கொண்டே பேசுகிறவர் போல அலட்சியமாக. "அச்சகம் பாதி ஆளோட ஓடுது, நான் பேசிக்கிறேன். ஆனா ஒண்ணு சார். இப்பவே கல்லாப் பக்கம் ஒரு அட்டை எழுதி மாட்டணும். நீங்க வாங்கினது இரண்டாம் பாகம், எங்க தவறு, வேண்டாம்ங்கிறவங்களுக்குப் பணத்தைத் திருப்பித் தர்றோம்னு."

"யாரு வேண்டாம்பாங்க? மாட்டுங்க, மாட்டுங்க."

வெளியே வந்து கொஞ்ச தூரம் நடந்ததும் பதிப்பாளரம்மா ஒரு மரத்தடியில் நின்றார்.

"ஏண்டி ஸ்கேலு! அந்த இரண்டாம் பாகத்துக்கு நான் விளம்பரம் போட்டேன், தள்ளுபடி போட்டேன், கூட்டம்கூட நடத்தினேன். வந்தவங்க காபி குடிச்சுட்டுப் போனாங்க. நீ பாகத்தை மூடி ஒரு ஸ்டிக்கர் ஒட்டினதும் மொத்தமாப் போயிருச்சே!"

'ஏண்டி' என்ற சொல் அவ்வளவு இனிமையாக இருக்கும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது. அதுவரை அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டாள். கண்ணாடி முழுக்கப் பனித்துப்போனது.

"இதைச் சாமர்த்தியம்னு நினைச்சுக்காத. தப்பு தப்புதான்."

"சரிங்க மேடம்."

"கிடங்கு அண்ணனுக்குப் போன் போட்டுச் சொல்லு. லாரி வேண்டாம்னு ஆலைக்காரனுக்கு நான் சொல்லிடறேன்."

கிடங்கு அண்ணன் முதல் மணியிலேயே எடுத்தார்.

"அண்ணே, லாரி வராது."

"ஏன் பாப்பா, டயர் கியர் போயிருச்சா?"

"இல்லண்ணே. வர வேண்டாம்னுட்டாங்க. முதல் பாகம் மறுபடி அடிக்கிறோம். மிச்சம் இருக்கிற இரண்டாம் பாகமும் மத்த கடைக்கெல்லாம் போகுது."

அந்தப் பக்கம் நாற்காலியை இழுத்துப் போடுகிற சத்தம் கேட்டது. பிறகு, "அப்ப மாசக் கடைசிக்கு அப்புறமும் நான் வரணுமா?"

"வரணும்."

"இரு, தும்மல் வருது" என்றார். தும்மல் சத்தம் கேட்கவில்லை. மூக்கைச் சிந்துகிற சத்தம்தான் கேட்டது.

"ஏண்ணே, அது இரண்டாம் பாகம்னு அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"நீ கேக்கலையே. அட்டையிலதான் போட்டிருக்கு. படிச்ச பொண்ணு, படிச்சிருப்பேன்னு நினைச்சேன்."

மத்தியானம் பதிப்பாளரம்மா பழைய கணினிக் கோப்பைத் தேடி எடுத்தார். திறந்தால் பாதி எழுத்தைக் காணவில்லை. அது பழைய எழுத்துரு. புதுக் கணினிக்கு அடையாளம் தெரியவில்லை. கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் எனச் சிதறிக் கிடந்தது. மாற்றித் தருகிற நிரல் ஒன்றில் போட்டெடுத்ததும் பெரும்பாலும் சரியானது, ஆனால் பக்கத்துக்கு இரண்டு மூன்று இடத்தில் தடுக்கியது. யாராவது பழைய புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரி வரியாக ஒப்பிட்டுத்தான் தீர வேண்டும். பதிப்பாளரம்மா தன் வீட்டு அலமாரியிலிருந்த முதல் பாகத்தைக் கொண்டுவந்து ஸ்கேலின் மேசையில் வைத்தார்.

"இதுக்குன்னே பிறந்தவ நீதான். ஒரு புள்ளி விடாம பாரு. கண்ணாடியைத் துடைச்சுட்டுப் பாரு."

அவள் பார்க்க உட்கார்ந்தாள். பொழுது சாய்வதற்குள் இரண்டு அத்தியாயம் முடிந்தது. வீட்டுக்குக் கிளம்பும் முன் அந்தத் தையல்காரம்மாவைக் கூப்பிட்டு, முதல் பாகம் அச்சாகப் போகிற சேதியைச் சொன்னாள்.

"அதுவரைக்கும் யாரு காத்திருக்கிறது? அவன் என்ன செஞ்சான்னு இப்பவே சொல்லிடேன்மா. எங்க வீட்டுக்காரர்கிட்டகூடச் சொல்ல மாட்டேன்."

"சத்தியமா எனக்கே தெரியாதுங்க. இப்பத்தான் இரண்டு அத்தியாயம் வந்திருக்கேன். இதுவரைக்கும் அவன் ரொம்ப நல்லவனாத்தான் இருக்கான்."

"நல்லவனா! அடப்பாவி, அப்புறம் எப்படி…" என்று ஆரம்பித்துவிட்டு, தையல்காரம்மா போனை வைக்காமலே வீட்டுக்காரரைக் கத்திக் கூப்பிட்டார்.

அன்று வகுப்பு முடிந்ததும் சமையலறை மேசையில் எழுதினாள். தேதி போட்டாள். அம்மா அடுப்படியிலிருந்து, "இன்னிக்காவது தூங்குவியா?" என்று கேட்டார். "தூங்குவேம்மா" என்று சொல்லிவிட்டுக் கடைசி வரிக்கு வந்தாள்.

நாளைய வேலை: முதல் பாகம், மூன்றாம் அத்தியாயத்திலிருந்து ஆறு வரை ஒப்பிட்டுத் திருத்தி, சாயங்காலத்துக்குள் அச்சகத்துக்கு அனுப்ப வேண்டும்.